நீண்ட நாள் நிற்கப்போகும் காரின் எஞ்சினை எப்படித் தயார்செய்வது? திருகோணமலைக்காரர்களுக்கான கேள்வி–பதில்

பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் கனடா போகிறவர்கள், வேலைக்காகக் கட்டார், துபாய் போகிறவர்கள், அப்படிப் போனவர்களின் வாகனத்தைப் பொறுப்பெடுத்த சொந்தக்காரர்கள் ஆகியோர் அடிக்கடி கேட்பவை இவை. பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறோம். ரயர், பிரேக் போன்றவற்றைக் கடைசியில் சுருக்கமாகத் தொட்டுக்கொள்கிறோம்.

எத்தனை நாள் நின்றால் இதெல்லாம் தேவை?

மூன்று, நான்கு வாரம் என்றால் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள், போதும். மூன்று மாதம் வரை என்றால் பற்றரியோடு பெற்றோலையும் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் ஒயில் மாற்றுவது கட்டாயம். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் சிலிண்டருக்குள் ஒயில் விடுவது, குழாய் வாய்களை அடைப்பது உட்பட கீழே உள்ள எல்லாவற்றையும் செய்யுங்கள். கடற்கரைக்குக் கிட்ட வீடு என்றால் நான்கு மாதத்துக்கே இவ்வளவையும் செய்வது நல்லது.

கண்டியிலோ கொழும்பிலோ நிற்கும் காருக்கும் இங்கே நிற்கும் காருக்கும் என்ன வித்தியாசம்?

உப்பு. டச்சுக் குடா, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றோடு வரும் உப்புத்தூள் பொனற்றுக்குள்ளும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து உப்புநீராகிவிடும். இங்கே இரவில் அந்த அளவு ஈரம் சாதாரணம். அதனால் மழையே பெய்யாத கச்சான் காற்றுக் காலத்திலும் இரவில் இரும்பு நனைகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. துருவுக்கு இதைவிட வாய்ப்பான நிலை இல்லை. ஐப்பசி தொடங்கி தை வரை மாரி ஈரம் வேறு.

ஆகவே முதல் வேலை கழுவுவது. நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சில்லு வளைவுகளையும் கழுவுங்கள். கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதைப் பாவிக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் எடுங்கள். எஞ்சின் மேல் பிரஷர் கன் கொண்டு தண்ணீர் அடிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கழுவிய பிறகு நன்றாக ஓடவிட்டுக் காயவைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

தம்பியிடம் திறப்பைக் கொடுத்து, வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொன்னால் போதாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகமான எஞ்சின்களைக் கெடுப்பதும் இந்தப் பழக்கம்தான்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. சூடான எஞ்சினில் அது சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினைப் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டால் 100 மில்லி லீற்றர் அளவுக்குத் தண்ணீர் உண்டாகும். சைலன்சர் சூடேறாததால் ஒரு பங்கு அங்கேயே நின்று அதைத் தின்னும். இன்னொரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயிலில் சேரும். குளிர் எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் பாய்வதால் எரியாத பெற்றோலும் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இப்படி இருபது வாரம் போனபின் ஒயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பால்தேநீர் நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருப்பதைக் காணலாம். ஒயிலும் தண்ணீரும் கலந்து அடித்ததால் வந்த பசை அது.

ஸ்டார்ட் செய்யும்போது பற்றரி இழந்த சக்தியையும் சும்மா ஓடும் எஞ்சின் பத்து நிமிடத்தில் முழுதாகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். ஒன்று, முறையாகத் தயார்செய்து தொடாமல் விடுவது. அல்லது நம்பிக்கையான ஒருவர் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை குறைந்தது 30 நிமிடம் வீதியில் ஓட்டுவது. சூட்டு முள் நடுவுக்கு வந்தது போதாது. அது கூலன்டின் சூடு. ஒயில் சூடாக அதற்குப் பின்னும் நேரம் வேண்டும். நிலாவெளி வீதியைவிடக் கந்தளாய்ப் பக்கம் ஓட்டச் சொல்லுங்கள்: உப்புக்காற்று குறைவு, ஒரே வேகத்தில் ஓடலாம்.

ஒயிலைப் போகும்போது மாற்றவா, வந்தபின் மாற்றவா?

போகும்போது. ஓடிய ஒயிலில் அமிலமும் ஈரமும் கரியும் கலந்திருக்கும். அது மாதக்கணக்கில் பெயரிங்குகளின் மேல் நின்றால் அரிக்கும். “இப்போது மாற்றினால் ஓடாமலே வீணாகும்” என்று நினைப்பவர்கள் பலர். ஒரு ஒயில் மாற்றத்தின் விலையையும் ஒரு எஞ்சின் பிரித்துச் செய்யும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது, அடியில் ஒயில் வடிக்கும் ட்ரெயின் நட்டைக் கழற்றிக் கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள். நட்டின் வாஷரையும் ஒயில் பில்டரையும் புதிதாகப் போடுங்கள். ரொயோட்டா 121 கொரோலா, 141 ஆக்சியோ ஆகியவற்றின் 1500 சிசி எஞ்சினுக்குப் பில்டரோடு 3.7 லீற்றர். மற்றக் கார்களுக்குக் கைநூலில் உள்ள அளவே சரி. ஒயிலின் தடிப்பும் கைநூலில் சொன்னதாகவே இருக்கட்டும்; நிறுத்தி வைப்பதற்காகத் தடித்த ஒயில் போடத் தேவையில்லை. புது ஒயில் எல்லா இடமும் போய்ச்சேர 15, 20 நிமிடம் ஓட்டுங்கள். பெற்றோல் நிலையத்துக்குப் போய்வரும் ஓட்டத்தையே இதற்குப் பாவிக்கலாம்.

பெற்றோல் தாங்கியை நிரப்பவா, வெறுமையாக்கவா?

இன்ஜெக்ஷன் கார் (பெற்றோலை இன்ஜெக்டர் பீச்சும் வகை) என்றால் நிரப்புங்கள். வெறும் தாங்கியில் காற்றுக்கு இடம் கூட. காற்றோடு ஈரமும் வரும். இரும்புத் தாங்கி உள்ளே துருப்பிடிக்கும். தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்பின் ரப்பர்களும் காய்ந்து வெடிக்கும். அதற்காகக் கழுத்துவரை நிரப்பி வழியவிடவும் கூடாது. பெற்றோல் நிலையத்தின் பம்ப் தானாக நின்றதும் நிறுத்துங்கள். வெயிலில் பெற்றோல் விரிய இடம் வேண்டும்.

பெற்றோல் பழுதாவதற்கு இரண்டு காரணங்கள். எளிதில் ஆவியாகும் பங்கு முதலில் போய்விடும், அதனால் ஸ்டார்ட் ஆவது கடினமாகும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகி இன்ஜெக்டரின் நுண்துளைகளை அடைக்கும். இங்குள்ள வெயிலுக்கு மூன்று மாதத்துக்கு மேல் மருந்து சேர்க்காத பெற்றோலை நம்ப வேண்டாம். “பியூவல் ஸ்டெபிலைசர்” என்று கேட்டு வாங்குங்கள். அளவு போத்தலில் போட்டிருக்கும். பலவற்றில் 10 லீற்றருக்கு ஏறக்குறைய 30 மில்லி லீற்றர், அதாவது 40 லீற்றர் தாங்கிக்கு 120 மில்லி லீற்றர். முதலில் மருந்தை ஊற்றி, அதன்மேல் பெற்றோல் அடித்தால் தானாகக் கலக்கும். பிறகு 15 நிமிடமாவது ஓட்டுங்கள். இல்லாவிட்டால் குழாயிலும் இன்ஜெக்டரிலும் பழைய பெற்றோலே நிற்கும். ஸ்டெபிலைசர் புதுப் பெற்றோலைத்தான் காக்கும். பழுதானதைத் திருத்தாது.

பழைய காபரேற்றர் காருக்கும் இதே முறையா?

தாங்கிக்கு இதே முறை. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரை மட்டும் வெறுமையாக்க வேண்டும். பெற்றோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பின்னர் மிதவைக் கிண்ணத்தின் அடி ஆணியைக் கழற்றி மிச்சத்தையும் வடியுங்கள். அந்தக் கிண்ணத்தில் நிற்கும் சிறிதளவு பெற்றோல்தான் முதலில் காய்ந்து ஜெற் என்ற நுண்துளையை அடைப்பது.

டீசல் வான்?

டீசலுக்குப் பகை தண்ணீர். தாங்கியின் அடியில் தண்ணீர் சேர்ந்தால், அதுவும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்பு வழுவழுப்பாகி பில்டரை அடைக்கும். நமது சூடு அவற்றுக்கு மிகவும் பிடித்த சூடு. பில்டரின் அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்து, சுத்த டீசல் வரும்வரை விடுங்கள். தாங்கியை நிரப்புங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நுண்ணுயிர்க் கொல்லி சேர்த்த டீசல் மருந்து போடுங்கள். சிலிண்டருக்குள் ஒயில் விடும் அடுத்த வேலையை டீசல் எஞ்சினில் நீங்களாகச் செய்ய வேண்டாம். அழுத்தம் அதிகம், ஒயில் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

சிலிண்டருக்குள் ஒயில் விடுவது எதற்கு? எப்படி?

எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வ் திறந்தே இருக்கும். அதன்வழியே ஈரக்காற்று உள்ளே போகும். சுவரில் உள்ள ஒயில் படலம் சில வாரங்களில் வடிந்துவிட, ரிங் நிற்கும் இடத்தில் துரு வளையம் விழும். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது ரிங் அதில் உரசிக் கீறும். எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கும்.

பாமசியில் 10 மில்லி லீற்றர் சிரிஞ்ச் ஒன்றும், அதன் முனையில் பொருந்தும் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒரு சாணும் வாங்குங்கள். இது கடைசி வேலை. கழுவி, ஓட்டி, நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்து, எஞ்சின் முழுதாக ஆறியபின் செய்யுங்கள்.

முதலில் பெற்றோல் பம்பின் பியூஸைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளின் மேல் செருகியிருக்கும் இக்னிஷன் கொயில்களை எடுங்கள். பிளக் குழிக்குள் மணலும் தூசியும் நிற்கும். பிளக்கைத் தொடுமுன் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது அப்படியே சிலிண்டருக்குள் விழும். பிளக்கைக் கழற்ற மேலே சொன்ன ரொயோட்டா எஞ்சினுக்கு 16 மில்லி மீற்றர் பிளக் சொக்கெற் வேண்டும். ஒவ்வொரு துளையிலும் சுத்தமான எஞ்சின் ஒயில் 10 மில்லி லீற்றர். 660, 800 சிசி சிறிய எஞ்சின்களுக்கு 5 போதும். கூட விட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். திரவம் அமுங்காது. பிளக் போட்டபின் சுற்றினால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட் வளையும்.

துளைகளின் மேல் பழந்துணி விரியுங்கள். கிராங்க் புலியின் (எஞ்சின் முனையில் பெல்ட் ஓடும் பெரிய உருளையின்) நட்டில் சொக்கெற் வைத்து, எஞ்சின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். ஒயில் பீச்சிக்கொண்டு வரும். முகத்தைத் தள்ளி வையுங்கள். பிறகு பிளக்குகளை விரலால் திருகி இறுக்கத் தொடங்குங்கள். சிலிண்டர் தலை அலுமினியம், பிளக் சாய்வாக ஏறினால் மரை போய்விடும். இதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யவே கூடாது.

எஞ்சின் காற்றை இழுக்கும் எயார் குழாய்க்குள் பீச்சும் ஸ்ப்ரே வகையும் உண்டு. காற்றை அளக்கும் சென்சருக்கு முன்னால் அதைப் பீச்சினால் சென்சர் பழுதாகும். சிரிஞ்ச் முறை மலிவு, அளவும் தெரியும்.

எலி, அணில், குளவி?

எலி எயார் பில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். குளவி மண்ணை அப்பித் தாங்கியின் காற்றுக் குழாயையும் ஏசித் தண்ணீர் வடியும் குழாயையும் அடைக்கும். எயார் குழாயின் வாயைத் தடித்த பொலித்தீனால் மூடிக் கட்டுங்கள், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை வைக்கலாம். சைலன்சர் வாயில் பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பிச் சுருளைத் திணித்து, அதன்மேல் பொலித்தீன் கட்டுங்கள். வெறும் துணியை எலி இழுத்துக் கூட்டுக்குக் கொண்டுபோகும். பூச்சி உருண்டையை எஞ்சினுக்குள் போடாதீர்கள். எலி அதற்குப் பழகிவிடும், அந்த மணமோ காருக்குள் மாதக்கணக்கில் நிற்கும். கொட்டிலில் நெல், புண்ணாக்கு, நாய்ச் சாப்பாடு வைக்காமல் இருப்பதும், பொறி வைப்பதும்தான் உருப்படியான வழி.

அடைத்தவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள்: “ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எயார் குழாய், சைலன்சர் அடைத்திருக்கிறது. சிலிண்டரில் ஒயில் இருக்கிறது. பம்ப் பியூஸ் டாஷ்போர்ட் பெட்டியில்.” அவசரத்துக்குக் காரை எடுக்க வருகிறவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

றேடியேற்றரில் தண்ணீர்தான் விட்டிருக்கிறோம். பரவாயில்லையா?

கூடாது. “இங்கே பனியா பெய்கிறது?” என்று கூலன்டைத் தவிர்ப்பவர்கள் உண்டு. இங்கே கூலன்ட் பனிக்காக அல்ல, துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. நிற்கும் எஞ்சினில் கிணற்றுத் தண்ணீர் உள்ளே உப்புப் படிய வைக்கும், வோட்டர் பம்பைத் தின்னும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து பாருங்கள். செம்மண் நிறம் என்றால் கழுவி மாற்றுங்கள். செறிவான கூலன்ட் என்றால் வடித்த நீரோடு பாதிக்குப் பாதி. ஏற்கனவே கலந்தது என்று போத்தலில் போட்டிருந்தால் ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள். கடையில் “பற்றரித் தண்ணி” என்று விற்பது வடித்த நீர். பற்றரி அசிட் வேறு, மாறிவிடாமல் பார்த்து வாங்குங்கள். மாற்றியபின் காற்றுக் குமிழி போகும்வரை ஓடவிட்டு மறுபடி அளவு பாருங்கள். ஆகவே இது சிலிண்டருக்கு ஒயில் விடுமுன் முடிய வேண்டிய வேலை.

பற்றரியைக் கழற்றி வைக்கவா?

ஆம். முதலில் நெகட்டிவ், பிறகு பொசிட்டிவ், பூட்டும்போது எதிர்மாறு. முழுதாக ஏற்றி ஆறவிட்டபின் மீற்றரில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். 12.4க்கு இறங்கினால் மறுபடி ஏற்றுங்கள். 12க்குக் கீழே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேற் இறுகிப் பற்றரி மீளாது. சூடு கூடக் கூடப் பற்றரி தானாக இறங்கும் வேகமும் கூடும், ஆகவே இங்கே ஆறு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சீமெந்துத் தரையில் வைத்தால் இறங்கும் என்பது இன்றைய பிளாஸ்டிக் பெட்டிப் பற்றரிகளுக்குப் பொருந்தாது. எப்போதும் செருகி வைக்கும் சார்ஜர் என்றால் இடி மின்னல் காலத்தில் கழற்றச் சொல்லுங்கள்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்?

தொடாமல் விடும் முறை ஹைபிரிட்டுக்குச் சரிவராது. பெரிய பற்றரி நிற்கும்போதே மெல்ல இறங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை குறைந்தது 30 நிமிடம் அல்லது 16 கிலோ மீற்றர் ஓட்டும்படி ரொயோட்டாவே சொல்கிறது. இந்தச் சூட்டுக்கு மாதம் ஒருமுறை ஓட்டுவது நல்லது. ஓட்ட முடியாவிட்டால் ரெடி விளக்கு எரிய, கியரை P (பார்க்கிங்) இல் வைத்து ஓடவிடுங்கள். N (நியூட்ரல்) இல் வைத்தால் பெரிய பற்றரி ஏறாது. சிறிய 12 வோல்ட் பற்றரி இறங்கிவிட்டால் பிரியஸின் பின்கதவும் மின்சாரம் இல்லாமல் திறக்காது. பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் இருக்கும் ஜம்ப் முனையை (வேறு பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் இடத்தை) போகுமுன் பொறுப்பாளருக்குக் காட்டுங்கள். செம்மஞ்சள் வயர்களில் யாரும் கைவைக்கக் கூடாது.

எங்கே நிறுத்துவது? தறப்பாளால் மூடலாமா?

தறப்பாளைக் காரின் மேல் போட்டுக் கட்டினால் நிலத்து ஈரம் உள்ளேயே சுற்றும். காற்றோட்டமுள்ள கொட்டிலும் துணி உறையும் நல்லவை. மண் தரை என்றால் அடியில் தடித்த பொலித்தீன் விரியுங்கள். மாரியில் தண்ணீர் நிற்கும் வளவில் நிறுத்தாதீர்கள். வெள்ளம் சில்லின் நடுவுக்கு மேல் ஏறியிருந்தால் மெக்கானிக் பார்க்கும்வரை பற்றரியையும் பூட்ட வேண்டாம்.

ரயர், பிரேக்?

ரயருக்குக் காற்று வழக்கத்தைவிட 5 முதல் 10 பீஎஸ்ஐ கூட. ரயர்ப் பக்கச்சுவரில் உள்ள எல்லையைத் தாண்டாமல். ஹேண்ட் பிரேக் போடாமல் சில்லுக்கு மரக்கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றுவது நல்லது.

திரும்பி வந்ததும் எப்படி ஸ்டார்ட் செய்வது?

பயணக் களைப்போடு இரவில் செய்யாதீர்கள். பகலில், அடைப்புகளை எல்லாம் எண்ணி எடுங்கள். எலிக்கூடு, கடித்த வயர் பாருங்கள். ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால் நிறம் என்றால் மாற்றும்வரை ஸ்டார்ட் இல்லை. கூலன்டும் பிரேக் ஒயிலும் பாருங்கள். தாங்கி மூடியைத் திறந்து மணந்து பாருங்கள்: பெயின்ற், வார்னிஷ் மணம் அடித்தால் முழுதாக வடித்துப் புதிது விடவேண்டும். வடிக்கும் இடத்தில் நுளம்புத்திரிகூட எரியக்கூடாது.

ஏற்றிய பற்றரியைப் பூட்டுங்கள். பிளக்குகளைக் கழற்றிக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால், பம்ப் பியூஸ் இல்லாமலே, துளைகளைத் துணியால் மூடி, திறப்பால் ஐந்து செக்கன் வீதம் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஒயில் விளக்கு அணையும்வரை இப்படிச் செய்தால் பெயரிங்குகளுக்கு ஒயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பிளக், கொயில், பியூஸ் பூட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் நீலப்புகை வரும். சிலிண்டரில் விட்ட ஒயில் எரிகிறது. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேலும் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அக்சிலேற்றரை உறுமவிடாதீர்கள்.

வீதிக்கு எடுக்குமுன் வாகன வருமான உத்தரவுப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் காலாவதியாகவில்லை என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தால் முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஒயிலும் பில்டரும் மறுபடி மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் ஓடிய தூரத்தோடு பெல்ட்டின் வயதையும் கணக்கெடுங்கள்.

கையால் சுற்றவே முடியவில்லை. ஸ்டார்ட்டரால் உதைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். இன்னொரு காரில் கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம். ரிங் துருவில் ஒட்டியிருந்தால் பலவந்தம் ரிங்கை உடைக்கும். ஒவ்வொரு பிளக் துளையிலும் துரு இளக்கும் ஒயில் அல்லது ஓட்டோமற்றிக் கியர் ஒயில் (ATF) 30 மில்லி லீற்றர் வரை விட்டு இரண்டு, மூன்று நாள் விடுங்கள். பிறகு கிராங்க் நட்டில் நீண்ட பிடி போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஒரு விரற்கடை அசைந்தாலே நல்ல குறி. மறுபடி ஒயில் விட்டு அடுத்த நாள் தொடருங்கள். புலி நட்டே கழல்வதுபோல் உணர்ந்தால் பின்பக்கம் சுற்றுவதை நிறுத்துங்கள். முழுச்சுற்று சுற்றியதும், பிளக் இல்லாமல் சுற்றி உள்ளே நிற்கும் ஒயிலை எல்லாம் வெளியேற்றி, எஞ்சின் ஒயிலையும் மாற்றிய பின்புதான் ஸ்டார்ட். ஒரு வாரமாகியும் அசையாவிட்டால் சிலிண்டர் தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.